சுமைகூலி முக்கால் பணம்

'வீலர் டீலர்ஸ்' நிகழ்ச்சியின் ஒவ்வொரு எபிசோடும் ஒரு கூட்டல் கணக்கில் முடியும். பழைய காரை வாங்கிய விலை, அதற்குப் போட்ட பாகங்களின் விலை, இரண்டும் சேர்ந்து மொத்தம். அதற்குக் கீழே விற்ற விலை. வித்தியாசம் லாபம். மைக் பிரூவர் வாங்கியவரோடு கைகுலுக்கிவிட்டு கேமராவைப் பார்த்துச் சிரிப்பார். பார்க்கிறவனுக்கு, 'அட, இவ்வளவுதானா! நாமளும் ஒரு பழைய போர்ஷேவ எடுத்துப் போட்டா என்ன?' என்று தோன்றும். 2003இல் பிரிட்டனில் தொடங்கிய நிகழ்ச்சி இது. இருபது வருடங்களாக உலகம் முழுக்கப் பார்த்த அந்தக் கணக்கில் ஒரு வரி மட்டும் இல்லை. கூலி.

கார் நிகழ்ச்சியைப் போய் விமர்சனம் செய்ய வேண்டுமா என்று கேட்கலாம். நாவல் பக்கமே போகாத என் நண்பர்கள் பலர் இதை ஒரு எபிசோடு விடாமல் பார்த்தவர்கள். கையில் இருக்கும் கொஞ்சம் காசில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் என்ற ஆசைக்கு அவர்களிடம் இருக்கும் கதை வடிவம் இதுதான். ஒரு கதை எதைச் சொல்லாமல் விடுகிறது, விட்டதால் யாருக்கு என்ன ஆகிறது என்று பார்ப்பது விமர்சனத்தின் பழைய வேலை. அதை இங்கேயும் செய்யலாம்.

அமைப்பு எளிது. பிரூவர் வியாபாரி. காரைத் தேடிப் பிடித்து, பேரம் பேசி, ஓட்டிக்கொண்டு வருவார். எட் சைனா மெக்கானிக். ஆறரை அடி உயரம், ஆரஞ்சு கையுறை, அவசரமே இல்லாத குரல். பிரூவர் பேசுவார், சைனா கழற்றுவார். முதல் சீசனிலேயே ஒரு போர்ஷே 924 வந்துவிட்டது. அதன் பிறகு, ஒரு காலத்தில் வசதியானவர்கள் மட்டும் ஓட்டிய கார்கள், இப்போது ஒரு சம்பளக்காரர் கைக்கு எட்டும் விலையில், வரிசையாக அந்தப் பட்டறைக்குள் வந்தன.

அந்த 924இன் தம்பியான 944ஐ எடுத்துக்கொள்வோம். 1982இல் விற்பனைக்கு வந்தது. காரின் எடை முன்னும் பின்னும் ஏறக்குறைய சமமாகப் பிரிய வேண்டும் என்பதற்காக எஞ்சினை முன்னால் வைத்து, கியர்பாக்ஸைப் பின் சக்கரங்களுக்கு நடுவே வைத்தார்கள். இரண்டையும் ஒரு நீளமான குழாய் இணைக்கும், அதற்குள் ஒரு தண்டு சுழலும். வளைவுகளில் அந்தக் கார் அவ்வளவு நிதானமாகத் திரும்புவதற்கு இந்த ஏற்பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் கிளட்ச் இருப்பது முன்னால், எஞ்சினை ஒட்டி. அது தேய்ந்துபோனால் முதலில் சைலன்சர் குழாய்களைக் கழற்ற வேண்டும். பின்னால் இருக்கும் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். நடுக்குழாயைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கிளட்ச் கண்ணிலேயே படும். எது அதை ஓட்ட நல்ல காராக ஆக்குகிறதோ, அதுதான் அதைப் பழுது பார்க்கக் கொடுமையான காராகவும் ஆக்குகிறது. கிளட்ச் ஒரு அட்டைப்பெட்டியில் வரும். அதற்கு விலை உண்டு, அந்த எண் திரையில் தோன்றும். கழற்றி மாட்டிய மணி நேரங்கள் எந்தப் பெட்டியிலும் வராது.

நம் ஊரில் இதற்கு ஒரு பழமொழியே இருக்கிறது: சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். சுண்டைக்காய் விற்ற ஏதோ ஒரு ஆத்தா வீலர் டீலர்ஸின் மொத்தப் பொருளாதாரத்தையும் ஒரே வரியில் கேள்வி கேட்டுவிட்டார். சாதாரண மெக்கானிக் ஷெட்டில் கொடுக்கும் துண்டுச்சீட்டில்கூட பார்ட்ஸ் தனி, லேபர் தனி. அந்த நாகரிகம் இந்த நிகழ்ச்சிக்கு இல்லை.

இன்னொரு உதாரணம், முதல் தலைமுறை போர்ஷே பாக்ஸ்டர். 1996 முதல் 2004 வரை வந்தது. 'குறைந்த விலையில் போர்ஷே' என்று யார் தேடினாலும் முதலில் கண்ணில் படுவது. அதன் எஞ்சினுக்குள் ஒரு இடைத்தண்டு, அதன் ஒரு முனையில் ஒரு சின்ன பேரிங். அது உடைந்தால் எஞ்சினே போய்விடலாம். எல்லா பாக்ஸ்டரிலும் உடைவதில்லை. உடையுமோ என்ற பயம் மட்டும் எல்லா பாக்ஸ்டரிலும் உண்டு. முன்கூட்டியே மாற்றிவிடலாம்தான். ஆனால் கியர்பாக்ஸையும் கிளட்சையும் இறக்கிய பிறகுதான் அந்த பேரிங்குக்குக் கை போகும். மறுபடியும் அதே கதை. பொருள் உள்ளங்கை அளவு, வேலை ஒரு நாள் அளவு. விற்கிறவர்கள் 'பேரிங் மாத்தியாச்சு' என்று விளம்பரத்திலேயே பெருமையாகப் போடுவதற்குக் காரணம் இதுதான். மாற்றாத கார் விலை குறைவாக இருந்தால், அந்தக் குறைவு யாரோ ஒத்திப்போட்ட வேலையின் விலை. வாங்குகிறவன் காரோடு சேர்த்து அந்த வேலையையும் வாங்குகிறான்.

இங்கே ஒரு எளிய உண்மை மறைந்துவிடுகிறது. வருடம் ஆக ஆகக் காரின் விலை இறங்கும், ஆனால் பாகங்களின் விலை அதனோடு சேர்ந்து இறங்காது. மெக்கானிக்கின் ஒரு மணி நேரத்தின் விலை இறங்கவே இறங்காது. விலை பத்தில் ஒன்றாகிவிட்ட காரின் பிரேக்கும் முழு விலைக்கு வாங்கிய காரின் பிரேக்தான். இன்ஷூரன்ஸ் கம்பெனியும் உங்கள் பட்ஜெட்டைப் பார்ப்பதில்லை, உங்கள் வயதையும் எஞ்சினின் வேகத்தையும்தான் பார்க்கிறது. கொஞ்சம் காசு உள்ளவன் 'இந்த விலைக்கு இது கிடைக்குதா!' என்று வியக்கிறான். இந்த விலைக்கு ஏன் கிடைக்கிறது என்பதற்கான பதில் அந்த வியப்புக்கு அடியிலேயே இருக்கிறது.

இதே ஆசையை வேறு விதமாகச் சொன்ன நிகழ்ச்சியும் உண்டு. 2005இல் 'டாப் கியர்' தொகுப்பாளர்கள் மூவரும் பத்தாயிரம் பவுண்டுக்குள் ஆளுக்கு ஒரு பழைய இத்தாலிய கார், எஞ்சின் நடுவில் இருக்கும் ரகம், வாங்கி வந்தார்கள். ஜெரமி கிளார்க்சனுக்கு மசராட்டி மெராக், ரிச்சர்ட் ஹேமண்டுக்கு ஃபெராரி 308 ஜிடி4, ஜேம்ஸ் மேக்கு லம்போர்கினி உராக்கோ. பிரிஸ்டலிலிருந்து ஸ்லவ் வரை ஓட்டிப் போக வேண்டும், அவ்வளவுதான். வழியெல்லாம் கோளாறு. எபிசோடு முழுக்கச் சிரிப்பு. கார்கள் எவ்வளவு மோசமாகக் கைவிடுகின்றனவோ அந்த அளவுக்கு நகைச்சுவை. வீலர் டீலர்ஸை விட இது நேர்மையானது, ஏனென்றால் வண்டி நடுவழியில் நிற்கும் என்பதை ஒப்புக்கொள்கிறது. ஆனால் நின்ற வண்டியைப் பார்த்து அவர்கள் சிரிக்க முடிவதற்குக் காரணம் அது அவர்கள் காசில்லை என்பது. வீலர் டீலர்ஸ் சுபமாக முடியும் கதை, டாப் கியர் கேலிக்கூத்து. மாதச் சம்பளத்தில் சேர்த்த காசு முழுவதையும் கொடுத்து ஒரு காரை வாங்கி, அடுத்த பழுதுக்குக் காசில்லாமல் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருப்பவனின் கதையை இரண்டும் எடுக்கவில்லை.

வீலர் டீலர்ஸுக்காக வாதாட வருபவர்கள் ஒன்று சொல்வார்கள்: 'இது பொழுதுபோக்கா செய்றவங்களுக்கான நிகழ்ச்சி. ஞாயித்துக்கிழமை சொந்தமா உக்காந்து செய்ற வேலைக்கு யாராவது கூலி போடுவாங்களா?' நியாயமான கேள்விதான். சொந்தக் கையால் ஒரு எஞ்சினைப் பிரித்துச் சேர்ப்பவன் அந்த நேரத்தை இழக்கவில்லை. அந்த நேரத்துக்காகத்தான் அவன் அந்தக் காரையே வாங்கினான். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அப்படியென்றால் கடைசியில் லாபம் எதற்கு? அது உழைப்பு என்றால் கூலியை எழுத வேண்டும், எழுதினால் பெரும்பாலான எபிசோடுகளில் லாபம் காணாமல் போகும். அது இன்பம் என்றால் லாபம் என்ற சொல்லை எடுத்துவிட வேண்டும், போட்ட காசுக்கு இத்தனை நாள் சந்தோஷமாக இருந்தோம் என்று முடிக்கலாம். நிகழ்ச்சி இரண்டையும் வைத்துக்கொள்ளப் பார்க்கிறது. உழைப்பின் பலன் கணக்கில் வரும், உழைப்பு மட்டும் வராது. இதுதான் என் குற்றச்சாட்டு.

இதே இடத்தில் நின்று யோசித்த ஒருவரை எனக்குத் தெரியும். மேத்யூ கிராஃபோர்ட் அமெரிக்கர். அரசியல் தத்துவத்தில் முனைவர் பட்டம் வாங்கி, ஓர் ஆய்வு நிறுவனத்தில் உட்கார்ந்து பார்த்து, பிடிக்காமல் விட்டுவிட்டு மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கும் கடை வைத்தவர். 2009இல் அவர் எழுதிய 'ஷாப் கிளாஸ் ஆஸ் சோல்கிராஃப்ட்' புத்தகத்தில் ஒரு பழைய ஹோண்டா மேக்னா வருகிறது. அதில் ஒரு சீலை நோண்ட ஆரம்பித்து, வாடிக்கையாளருக்குத் தேவையான அளவையும் தாண்டித் தன் ஆர்வத்துக்காகவே மணிக்கணக்கில் உள்ளே போய்விடுகிறார். பில் போடும் நேரம் வந்ததும் கேள்வி எழுகிறது: இதில் எந்த நேரம் அவனுக்காக, எந்த நேரம் எனக்காக? அந்த வண்டியின் மதிப்பே பெரிதில்லை, முழு நேரத்தையும் எழுதினால் அவன் தாங்க மாட்டான். கிராஃபோர்டிடமும் கணக்கில் கூலி முழுதாக ஏறுவதில்லை. ஆனால் ஏறாத மணிகள் அங்கே ஒரு மனிதனின் மனசாட்சியை உறுத்துகின்றன. வீலர் டீலர்ஸில் உறுத்தவே இல்லை. இரண்டு படைப்புகளுக்கும் உள்ள தூரம் அவ்வளவுதான்.

கணக்கு எழுதுகிற வேலையில் இருக்கும் யாருக்கும் இது புதிதில்லை. ஐடி துறையில் 'இலவச' மென்பொருள் ஒன்றை எடுத்துப் போட்டு லைசென்ஸ் செலவை மிச்சம் பிடித்ததாக ஒருவர் ஸ்லைடு காட்டுவார். அதை ஓட வைக்க மூன்று சனிக்கிழமை ராத்திரி கண்விழித்தவரின் டைம்ஷீட்டில் வாரத்துக்கு நாற்பது மணி நேரம்தான் இருக்கும். மிச்சம் என்று ஸ்லைடில் வந்தது அந்த ராத்திரிகள்தான். பிரூவரின் சிரிப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஸ்லைடு ஞாபகம் வருவதைத் தவிர்க்க முடியவில்லை.

இவ்வளவு சொன்ன பிறகு, நிகழ்ச்சியின் பெரிய விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். கணக்கில் இல்லாத உழைப்பு திரையில் இருந்தது. சைனா ஒரு போல்ட்டை ஏன் இந்த வரிசையில் கழற்ற வேண்டும் என்று சொல்வார். துருப்பிடித்த தகட்டை வெட்டி எடுத்து, புதுத் தகடு அளந்து, வளைத்து, பற்றவைப்பார். ஒரு பாகம் எப்படி வேலை செய்கிறது, ஏன் கெட்டது என்று புரியும் வரை கேமரா அங்கேயே நிற்கும். பிரபலமான தொலைக்காட்சியில் உடலுழைப்பும் மூளையும் ஒன்றாக இருப்பதை இவ்வளவு பொறுமையாகக் காட்டிய இன்னொரு நிகழ்ச்சி எனக்கு நினைவில்லை. கடைசி இரண்டு நிமிடம் பொய். நடுவில் இருந்ததெல்லாம் நிஜம்.

அதனால்தான் 2017 மார்ச்சில் நடந்தது வெறும் ஆள் மாற்றமாக எனக்குப் படவில்லை. சைனா விலகினார். பட்டறைக் காட்சிகளை எடுப்பது சிரமமாக இருக்கிறது, அவற்றைக் குறைக்க வேண்டும் என்று சானல் கருதியது, குறைத்தால் நிகழ்ச்சியின் தரம் போய்விடும் என்று தான் நினைத்ததாக அவரே ஒரு வீடியோவில் சொன்னார். பிரூவர் தொடர்ந்தார், அடுத்த மெக்கானிக்காக ஆன்ட் ஆன்ஸ்டெட் வந்தார். அவரும் திறமைசாலிதான். ஆனால் தர்க்கத்தைப் பாருங்கள். கணக்கில் பூஜ்யம் என்று எழுதி வைத்த ஒன்று, ஒரு நாள் திரையிலும் அதிகப்படியாகத் தெரிய ஆரம்பிக்கிறது. கூலியை எழுதாமல் விட்ட கை, பிறகு வேலையையே வெட்டப் பார்க்கிறது.

சரி, ஆசை உள்ளவன் என்ன செய்வது? பிரிட்டனில் அவனுக்கு இதைவிட நல்ல வாசிப்பு ஒன்று இலவசமாகவே கிடைக்கிறது. மூன்று வயதைத் தாண்டிய கார்கள் அங்கே வருடா வருடம் 'எம்ஓடி' சோதனைக்குப் போக வேண்டும். நம்பர் பிளேட்டைத் தட்டினால் 2005 முதலான முடிவுகளைப் பார்க்கலாம். எத்தனை மைல் ஓடியது, எதில் தோற்றது, எதைக் கவனிக்கச் சொன்னார்கள் என்று எல்லாம் வரும். ஒரு பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 என்று வைத்துக்கொள்ளுங்கள். கூரையில் விழும் மழைத்தண்ணீர் வடியும் துளை அடைத்துக்கொண்டால், பின் சக்கரத்துக்கு முன்னால் கதவுக்குக் கீழே இருக்கும் பகுதி உள்ளிருந்து துருப்பிடிக்கும். இது அந்தக் காருக்கு நன்றாகத் தெரிந்த நோய். ஒரு வருடம் 'லேசான துரு' என்று ஒரு வரி இருக்கும். அடுத்த வருடமும் அதே வரி. அதற்கடுத்த வருடம் தோல்வி. பிறகு தேர்ச்சி. நடுவில் ஒருவர் பற்றவைத்திருக்கிறார். நன்றாகச் செய்தாரா, பூசி மெழுகினாரா? பெயரில்லாத அந்த உழைப்பை வரிகளுக்கு இடையில் தேடிப் படிக்கத் தெரிந்தவன்தான் காரை வாங்கத் தெரிந்தவன்.

அப்படிப் படிக்கிறவனுக்கு பட்ஜெட் என்ற சொல்லின் பொருளும் மாறிவிடும். கையில் இருக்கும் மொத்தக் காசும் காரின் விலை இல்லை. அதில் ஒரு பங்குதான் கார், மிச்சம் முகம் தெரியாத ஒரு மெக்கானிக்கின் நேரம். அந்தக் காசுக்கு ஓட்டை போர்ஷே கிடைக்கும் என்றால், அதே காசில் ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளப்பட்ட மாஸ்டாவும், அதற்கு இரண்டு வருட வேலைக்கான கூலியும் கிடைக்கும். பெயர்ப்பலகை சின்னதாகும், ஆனால் கார் சாலையில் இருக்கும்.

வீலர் டீலர்ஸைப் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். சைனா இருந்த பழைய எபிசோடுகளை இன்றைக்கும் தாராளமாகப் பார்க்கலாம். கடைசியில் அந்தக் கூட்டல் கணக்கு வரும்போது மட்டும், கீழே இன்னொரு வரியை நாமே எழுதிக்கொள்ள வேண்டும்.