காப் குதிரை: சேணத்தில் சுகம், மேய்ச்சலில் சோதனை

பிரிட்டனிலும் அயர்லாந்திலும் தரோபிரெட், வார்ம்பிளட் போன்ற உயர்ந்த குதிரைகளில் பல ஆண்டு சவாரி செய்தவர்கள், நடுவயதில் காப் குதிரைக்கு மாறுவதைப் பரவலாகப் பார்க்கலாம். தைரியம் குறைந்துவிட்டது, அதனால்தான் இறங்கி வருகிறார்கள் என்று லாயங்களில் பேசுபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்த மாற்றத்தில் நியாயம் நிறைய இருக்கிறது. ஆனால் காப் சுலபமான குதிரை என்று நம்பி வாங்குபவர்களுக்குப் பாதி உண்மைதான் தெரிந்திருக்கிறது.

காப் என்பது பெரும்பாலும் ஓர் உடல்வாகு: குட்டைக் கால், அகன்ற மார்பு, பருத்த கழுத்து, உருண்ட பின்புறம். வேல்ஸ் காப்புக்கு 1901 முதல் சங்கம் இருக்கிறது. குளம்பை மூடும் நீண்ட கால்மயிர் கொண்ட ஜிப்சி காப், நாடோடிக் குடும்பங்களின் வண்டிவீடுகளை இழுக்க வளர்க்கப்பட்டது. ஆண்டுதோறும் ஜூன் மாதம் கம்ப்ரியாவில் கூடும் ஆப்பிள்பி சந்தையில் இன்றும் அதைக் காணலாம். பிரிட்டிஷ் போட்டிகளில் காப் வகுப்புக்கு உயரம் 148 முதல் 155 சென்டிமீட்டர் வரை. வார்ம்பிளட் பலவும் 165ஐத் தாண்டும்.

இந்த வித்தியாசத்தின் அருமை கிராமப் பாதையில் தெரியும். வேலிக் கதவைத் திறக்க இறங்கினால், ஏறுவதற்குக் கல்லோ திண்டோ தேட வேண்டாம். விழுந்தாலும் தரை பக்கம். குட்டை முதுகும் தடித்த எலும்பும் பாரம் தாங்கும். கனரகக் காப் வகுப்பில் 14 ஸ்டோனுக்கு, அதாவது சுமார் 89 கிலோவுக்கு, மேற்பட்டவரைச் சுமக்கும் குதிரையைத்தான் எதிர்பார்க்கிறார்கள். வேலியில் பிளாஸ்டிக் பை படபடத்தால் தரோபிரெட் பாய்ந்த பிறகுதான் யோசிக்கும். காப் பெரும்பாலும் நின்று முறைத்துப் பார்க்கும். அந்த இரண்டு நொடி சவாரி செய்பவருக்குப் போதும்.

ஆனால் நிற்கும் அதே குணம்தான் பிடிவாதமும் ஆகிறது. நகரமாட்டேன் என்று காலூன்றிவிட்டால் எளிதில் கிளப்ப முடியாது. புல்லைப் பார்த்துத் தலையைக் கவிழ்த்தால், அந்தக் கழுத்தின் பலத்துக்குக் கடிவாள வார் ஈடுகொடுக்காது. நிதானம் ரத்தத்திலிருந்து மட்டும் வருவதில்லை; பழக்கியவரின் உழைப்பும் குதிரையின் வயதும் அதில் சேரும். பழக்கம் போதாத நான்கு வயதுக் காப்பை, காப் என்பதற்காகவே புதியவரிடம் நம்பிக் கொடுப்பது தவறு.

சவாரி நயத்திலும் ஓர் இழப்பு உண்டு. தோள் நிமிர்ந்து முழங்கால் உயரும் உடல் என்பதால் டிராட் என்னும் ஓட்டநடை அழகாக வரும். கேன்டர் என்னும் மிதமான பாய்ச்சல் அப்படியல்ல, பாரம் முன்னங்கால்களில் சாயும், சமநிலை வர மாதக்கணக்கில் உழைக்க வேண்டும். வார்ம்பிளட்டின் மிதப்புக்குப் பழகியவர் அதற்காக ஏங்கத்தான் செய்வார். அகன்ற வயிற்றின் மேல் கால்களை விரித்து உட்காருவது சிலருக்கு இடுப்புவலியைத் தரும். தோள்மேடு தாழ்ந்திருப்பதால் சேணம் உருளும். பழைய தரோபிரெட் சேணத்தையே இதற்கும் போடுபவர்களை நான் மன்னிப்பதில்லை. அது தோளின் இரு பக்கமும் இறுக்கிக் குதிரையைப் புண்படுத்தும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய சங்கடம் வயலில் காத்திருக்கிறது. வறண்ட மேட்டுநிலப் புல்லில் பிழைத்த பரம்பரை, இன்று மாட்டுப்பண்ணைக்கு விதைத்த செழும்புல்லில் மேய்கிறது. சர்க்கரை கூடி இன்சுலின் ஏறினால் லாமினைட்டிஸ் என்னும் குளம்புநோய் வரும். குளம்புச் சுவரையும் உள் எலும்பையும் பிணைக்கும் மெல்லிய திசு தளர்ந்து, முற்றினால் எலும்பே கீழ்நோக்கித் திரும்பும். ஒவ்வோர் அடியும் வேதனைதான். விலாவில் கையை வைத்து லேசாக அழுத்தினால் எலும்புகள் தட்டுப்பட வேண்டும். பல காப்களில் விரல் மெத்தென்று புதையும், பிடரிமேடு கெட்டியாக நிற்கும். அதையே ‘நல்ல உருண்டை’ என்று மெச்சும் பழக்கம் போட்டிக் களத்திலும் இருக்கிறது. கால்மயிருக்கு அடியில் பூச்சி அரிப்பும் புண்ணும் வெளியே தெரியாமல் வளரும். கால்மயிர் அடர்ந்த காப்களுக்கு மாறாத கால்வீக்கமும் வருவதுண்டு. மயிரை மழிக்கச் சொன்னால் அழகு போய்விடும் என்று தயங்குகிறார்கள். ஒரு காலத்தில் அழகுக்காகக் காப்களின் வாலை வெட்டினார்கள். 1949ஆம் ஆண்டுச் சட்டம் பிரிட்டனில் அதை நிறுத்தியது. கொழுப்பைத் தடுக்க அப்படிச் சட்டம் போட முடியாது.

ஆகவே மாறுவதை நான் ஆதரிக்கிறேன், ஒரு நிபந்தனையோடு. குதிரையைப் பார்க்கப் போகும் முன் வாங்குபவர் தன் மேய்ச்சல் நிலத்தைப் பார்க்கட்டும்: புல்லை வேலிபோட்டுத் துண்டு துண்டாகக் கொடுக்க முடியுமா, உலர்புல்லை ஊறவைத்துச் சர்க்கரையைக் குறைத்துப் போட ஆள் உண்டா, வாரத்தில் ஓரிரு நாள் மட்டுமல்லாமல் பெரும்பாலான நாட்களில் அதை வேலை வாங்க நேரம் இருக்கிறதா? இதற்கு வழியில்லாதவர் காப் வாங்கக் கூடாது.