ஏரி எங்க மச்சான்?

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில், மினாரா தெரிகிற மாதிரி ஒரு மாமாக் கடை மேசை. இலங்கை போய் வந்த படங்களைக் கைப்பேசியில் நண்பனிடம் காட்டிக்கொண்டிருந்தேன். மின்னேரியா. பச்சைப் புல்வெளி, யானைகள், மறுபடியும் புல்வெளி, ஓரத்தில் ஒரு கோடு தண்ணீர். பத்துப் பதினைந்து படம் தள்ளிவிட்டு, தே தாரிக்கை ஒரு வாய் குடித்துவிட்டுக் கேட்டான்: "எல்லாம் சரி, ஏரி எங்க மச்சான்?"

சிரித்துவிட்டேன். ஆனால் நம் பயணக் கட்டுரைகளின் கோளாறு முழுவதும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. நாம் எழுதும் ஏரி எப்போதும் தளும்பிக்கொண்டிருக்கும், கண்ணாடி போல் வானத்தைக் காட்டும், கடைசிப் பத்தியில் இயற்கை அன்னை வந்துவிடுவாள். வற்றிய ஏரி என்றால் இரங்கல் கட்டுரை. இரண்டுக்கும் நடுவில் ஒரு ஏரி இருக்க முடியும் என்று யாரும் எழுதுவதில்லை. (நானும் அப்படி ஒன்று எழுதியிருக்கிறேன். தேட வேண்டாம்.)

மின்னேரியாவின் பெருமையே அது வற்றும்போதுதான் தொடங்குகிறது. அது இயற்கை ஏரியே கிடையாது. மூன்றாம் நூற்றாண்டில் மகாசேன மன்னன் கட்டிய குளம். அவன் கட்டிய குளங்கள் பதினாறு என்று மகாவம்சம் கணக்குச் சொல்கிறது. இதைக் கட்டியதற்காக மக்கள் அவனை மின்னேரித் தெய்வமாகவே ஆக்கிவிட்டார்கள். அம்பன் கங்கையின் நீர் எலஹெர கால்வாய் வழியாக இங்கே வருகிறது. நிரம்பினால் ஏறக்குறைய 4,600 ஏக்கர் தண்ணீர்.

அந்தப் பக்கத்துக்கு மழை வடகிழக்குப் பருவக்காற்றில்தான். மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை காய்ச்சல். அப்போதுதான் சிறுபோக நெல்லுக்குத் துருசைத் திறக்கிறார்கள். குளம் இறங்க இறங்க, நீருக்குள் கிடந்த ஈர மண் வெளியே வந்து புல் முளைக்கிறது. சுற்றியுள்ள காட்டில் சருகுதான் மிச்சம். ஆகஸ்ட், செப்டம்பரில் அந்தக் காடுகளிலிருந்து யானைகள் இறங்கி வருகின்றன, சில மாலைகளில் முந்நூறு வரை. 1997இல் இது தேசியப் பூங்காவானது, 8,889 ஹெக்டேர்.

நான் போனது ஆகஸ்டில். நாலு மணிவாக்கில் மரங்களுக்குள்ளிருந்து முதல் கூட்டம் வந்தது. பெண் யானைகள், நடுவில் குட்டிகள். காலால் புல்லின் வேரை உதைத்துத் தளர்த்தி, தும்பிக்கையால் சுருட்டி, மண் போகத் தொடையில் இரண்டு தட்டுத் தட்டி, பிறகுதான் வாய்க்குள். கீரைக் கட்டை உதறுகிற பாட்டிமாரைப் போல. தண்ணீர் ஓரத்தில் கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் மீனுக்கு நின்றன. குளம் சுருங்கினால் மீன் நெருங்கிவிடும், அவற்றுக்கும் அறுவடைக் காலம்.

இதை ஆவணப்படக் குரல்கள் 'இயற்கையின் அதிசயம்' என்கின்றன. பாதிதான் உண்மை. மீதிப் பாதியில் நீர்ப்பாசன அதிகாரியின் அட்டவணையும், கீழே நெல் விதைத்தவனின் நாள்காட்டியும் இருக்கின்றன. அந்தப் பாதி கேமராவுக்குள் வருவதில்லை. ஜீப்புகளும் வருவதில்லை, அது வேறு கதை.

நம்ம திணைக் கணக்கு இங்கே உதவுகிறது, ஆனால் தலைகீழாக. சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதை, முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் திரிந்தால் பாலை என்கிறது. தொல்காப்பியத்தில் பாலைக்குத் தனி நிலமே கிடையாது. பருவம் நிலத்தை மாற்றும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. மின்னேரியாவில் அதே வெயில் எதிர்ப் பக்கம் வேலை செய்கிறது. வயலுக்கு நீர் கொடுக்கும் மருதம், வற்ற வற்ற முல்லையாகிறது. சுற்றிலும் காடு பாலை. பாலைக்கு உரையாசிரியர்கள் சொல்லும் விலங்கு வலி இழந்த யானை, அதுதான் இங்கே நடந்து வருகிறது. முல்லைக்குச் சிறுபொழுது மாலை, யானை வருவதும் மாலையில். (பெரும்பொழுது கார்காலம் என்பது மட்டும் உதைக்கிறது. உதைக்கட்டும்.) இவ்வளவு நுட்பமான கருவியைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்துவிட்டு, ஏரியைப் பார்த்ததும் 'ரம்மியம்' என்று எழுதுகிறோம்.

நான் படித்தது பொறியியல். வகுப்பில் அணை என்றால் இரண்டு கோடு: மேல் மட்டம், கீழ் மட்டம். நடுவில் ஏறி இறங்குகிற பகுதி வெறும் கொள்ளளவு. அங்கே புல் முளைக்கும், அதை நம்பி ஓர் உயிர் இருக்கும் என்று எந்தத் தேர்விலும் கேட்கவில்லை. பினாங்கில் ஆயர் ஈத்தாம் அணை இறங்கினால் நாமும் குழாயைத்தான் பார்க்கிறோம்.

அம்பன் கங்கையில் கட்டிய மொரகஹகந்த அணையில் 2017இல் நீர் நிரப்பத் தொடங்கினார்கள். அந்தத் தண்ணீர் மின்னேரியாவுக்கும் வருகிறது. கோடையிலும் குளம் நிறைந்திருந்தால் விவசாயிக்கு நிம்மதி, அதில் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் நீர் இறங்காத ஆண்டில் புல் தண்ணீருக்கடியில். புல் இல்லாத யானை வயலுக்குப் போகும். 2023இல் மட்டும் இலங்கையில் மனித – யானை மோதல்களில் 400க்கும் மேற்பட்ட யானைகளும் 150க்கும் மேற்பட்ட மனிதர்களும் செத்துப்போனார்கள். எல்லாவற்றுக்கும் மின்னேரியா காரணமில்லை. ஆனால் எந்த மாதம் எவ்வளவு நீர் விடுவது என்ற முடிவுக்கு யானையையும் ஒரு கணக்காகச் சேர்த்தாக வேண்டும். குளம் நிறைந்தால் நல்லது என்றே எழுதிப் பழகிய மொழியில் இதைச் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. இந்தக் கட்டுரையிலேயே மூன்று முறை 'வற்றிப்போன' என்று எழுதி அழித்தேன்.

ஜீப் ஓட்டி வந்தவர் தமிழ் பேசும் முஸ்லிம் பெரியவர். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து, நாங்கள் நின்ற இடத்துக்கு வெகு பின்னால் ஒரு மரத்தைக் காட்டினார்.

"ஒரு வருஷம் இந்த நேரம் அந்த மரம் மட்டும் தண்ணி தம்பி. ஆனை கொஞ்சந்தான் வந்த. வந்ததும் நிக்கல்ல."

"எங்க போச்சு?"

"வயலுக்குத்தான். வேற எங்க?"

ஆறு மணிக்குப் பூங்காவை விட்டு வெளியேற வேண்டும். வண்டியைத் திருப்பினார். புல்லில் யானைகள் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தன.