அடைப்புக்குறிக்குள் ஒரு ஜனநாயகம்: 'தனித்தொகுதி' என்ற சொல்லை முன்வைத்து

1

தேர்தல் முடிவு வெளியான மறுநாள் பத்திரிகைகள் அச்சிடும் தொகுதிப் பட்டியலை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு வாசித்துப் பார்க்கலாம். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் என்று பெயர்கள் வரிசையாக வரும். நடுவில் சோழவந்தான் (தனி), நிலக்கோட்டை (தனி), மானாமதுரை (தனி). 'மேலூர் (பொது)' என்று யாரும் எழுதுவதில்லை. பொது சொல்லாமலே விளங்கிவிடும். தனியைத்தான் சொல்லியாக வேண்டும். நம் கிராமங்களில் ஊர் என்றால் ஊர், அவ்வளவுதான். சேரியை மட்டும் சேரி என்று பிரித்துச் சொல்வார்கள். இந்தப் பட்டியலும் அதே இலக்கணப்படிதான் எழுதப்பட்டிருக்கிறது.

தமிழ் எம்.ஏ. படித்தவனுக்குச் சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்குகிற வியாதி உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும். என் கேள்வி இதுதான்: தனித்தொகுதியில் தனியாக இருப்பது என்ன? வாக்காளர் பட்டியல் தனி இல்லை. எல்லாச் சாதிக்காரரும் அங்கே ஓட்டுப் போடுகிறார்கள். கட்சியும் சின்னமும் கொடியும் தனி இல்லை. பெரும்பாலான தனித்தொகுதிகளில் தலித் வாக்காளர்கள் பாதிக்கும் குறைவு. நிற்கிறவரின் சாதிச் சான்றிதழ் ஒன்றுதான் தனி. அப்படியிருக்க இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? ஒரு காலத்தில் கேட்கப்பட்டு, கிடைத்து, முப்பத்தொன்பது நாளில் பறிக்கப்பட்ட ஒன்றின் பெயரை, அதற்குப் பதிலாகக் கொடுக்கப்பட்ட பொருளின் மேல் ஒட்டிவைத்திருக்கிறோம் என்று நான் வாசிக்கிறேன்.

2

1932 ஆகஸ்ட் 16 அன்று ராம்சே மக்டொனால்டின் வகுப்புவாரித் தீர்ப்பு வந்தது. அதன்படி குறிப்பிட்ட பகுதிகளில் தாழ்த்தப்பட்டோர் தங்கள் பிரதிநிதியைத் தாங்கள் மட்டுமே வாக்களித்துத் தேர்ந்தெடுப்பார்கள். அதோடு பொதுத் தொகுதியிலும் அவர்களுக்கு ஓட்டு உண்டு. இந்த இரண்டாவது ஓட்டைத்தான் அம்பேத்கர் விலைமதிப்பற்றதாகக் கருதினார். காரணம் எளிது. சேரிக்காரனின் ஓட்டு தனக்கும் தேவை என்றால் சாதி இந்து வேட்பாளர் சேரிக்கு வந்துதான் ஆக வேண்டும். சேரிக்கும் தனக்கென ஒரு குரல் இருக்கும். சேரியை ஊரிலிருந்து பிரித்துவைக்கும் திட்டம் என்று இன்றும் இதைச் சிலர் சொல்கிறார்கள். இரண்டாவது ஓட்டைப் பற்றிப் பேசாமல் இருந்தால்தான் அப்படிச் சொல்ல முடியும்.

செப்டம்பர் 20இல் எரவாடா சிறையில் காந்தி உண்ணாவிரதம் தொடங்கினார். 24இல் பூனா ஒப்பந்தம். கையெழுத்திட்டவர்களில் அம்பேத்கரோடு நம் இரட்டைமலை சீனிவாசனும் எம்.சி.ராஜாவும் இருந்தார்கள். மாகாண சட்டசபைகளில் 148 இடங்கள் என்று எண்ணிக்கை ஏறக்குறைய இரட்டிப்பானது. தேர்ந்தெடுக்கும் உரிமை கைமாறிப்போனது. மிச்சமாக ஒரு முதற்கட்டத் தேர்தல் மட்டும் இருந்தது: தாழ்த்தப்பட்ட வாக்காளர்கள் நான்கு பேரைப் பொறுக்கித் தரலாம், அந்த நால்வரில் ஒருவரை எல்லாச் சாதியினரும் சேர்ந்து தேர்ந்தெடுப்பார்கள். நால்வரில் யார் ஜெயிப்பார்? சேரி யாரை முதலாவதாக வைத்ததோ அவரா, ஊருக்கு யாரால் தொந்தரவு குறைவோ அவரா? கணக்குத் தெரிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

பலன் சீக்கிரமே தெரிந்தது. 1938இல் மதராஸ் சட்டமன்றத்தில் எம்.சி.ராஜா ஆலயப் பிரவேச மசோதாவைக் கொண்டுவந்தார். முதலமைச்சர் ராஜாஜி திரும்பப் பெறச் சொன்னார், ராஜா மறுத்தார், மசோதா தோற்றது. காங்கிரஸ் டிக்கெட்டில் ஒதுக்கீட்டு இடங்களில் ஜெயித்து வந்தவர்கள் கட்சிக் கட்டுப்பாட்டின் பக்கம் நின்றார்கள். கோயிலுக்குள் நுழைய உரிமையில்லாதவர்களின் பிரதிநிதிகள் அந்த உரிமைக்கான மசோதாவுக்குத் துணை நிற்க முடியவில்லை. 1932இல் மூஞ்சேயோடு சேர்ந்து கூட்டுத் தொகுதிக்கு ஒப்புக்கொண்ட அதே ராஜா, இப்போது காந்திக்குப் புகார்க் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்.

அரசியல் நிர்ணய சபையில் 1947 ஆகஸ்டில் மறுபடி ஒரு சந்தர்ப்பம் வந்தது. சென்னை மாகாணத்திலிருந்து போன எஸ்.நாகப்பா ஒரு சின்னத் திருத்தம் கொடுத்தார். ஒதுக்கீட்டு இடத்தில் ஜெயிக்கிறவர், தாழ்த்தப்பட்டோர் போட்ட ஓட்டில் குறைந்தது நூற்றுக்கு 35ஆவது வாங்கியிருக்க வேண்டும் என்பது அது. தனி வாக்காளர் தொகுதிகூட இல்லை. 'உன் ஆள்களில் மூன்றில் ஒருவராவது உன்னை ஒத்துக்கொள்ளட்டும்' என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. வல்லபாய் படேல் ஏற்கவில்லை. திருத்தம் திரும்பப் பெறப்பட்டது. 1950இல் வந்த அரசியல் சட்டத்தில் முதற்கட்டத் தேர்தலும் இல்லை. 1952 தேர்தலில் வடக்கு பம்பாயின் ஒதுக்கீட்டு இடத்தில் அம்பேத்கரே காங்கிரஸ் வேட்பாளர் கஜ்ரோல்கரிடம் தோற்றார். 1954 பண்டாரா இடைத்தேர்தலிலும் தோற்றார்.

இந்த அரசியல் ஒதுக்கீடு பத்து வருடத்துக்கென்று எழுதப்பட்டது. பத்துப் பத்து வருடமாக நீட்டி, 2019இல் 104ஆவது திருத்தத்தின் மூலம் 2030 வரைக்கும் போயிருக்கிறது. ஒவ்வொரு முறையும் எல்லாக் கட்சிகளும் கை தூக்கிவிடுகின்றன. 1990இல் மண்டல் குழு பரிந்துரையை அமல்படுத்துகிறோம் என்றதும் வடநாடு பற்றி எரிந்தது. தலித்துகளின் தொகுதி ஒதுக்கீட்டுக்கு எதிராக யாரும் பஸ் எரித்ததில்லை. ஏன்? வேலையில் ஒதுக்கீடு என்றால் யாரோ ஒருவர் ஒரு நாற்காலியை விட்டுத்தர வேண்டும். தொகுதி ஒதுக்கீட்டில் விட்டுத்தர வேண்டியது நாற்காலி மட்டும்தான். அதில் யார் உட்காருவது என்ற முடிவு பழைய கையிலேயே இருக்கிறது.

3

கட்சிகள் இல்லாத இடத்தில் இது எப்படி நடக்கிறது என்று பார்த்தால் இயக்கம் இன்னும் தெளிவாகத் தெரியும். தமிழ்நாட்டில் கிராம ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. 73ஆவது திருத்தமும் 1994ஆம் வருட ஊராட்சிகள் சட்டமும் வந்து, 1996 அக்டோபரில் தேர்தல் நடந்தபோது மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தில் கொட்டக்கச்சியேந்தல் ஆகியவற்றின் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. பத்து வருடம் அங்கே தேர்தல் நடக்கவிடவில்லை. மனுத் தாக்கல் செய்ய ஆள் வரவிடுவதில்லை. அல்லது ஊர்க்காரர்களே ஒருவரை நிறுத்தி ஜெயிக்கவைத்து, பதவியேற்ற கையோடு ராஜினாமா எழுதி வாங்கிவிடுவார்கள்.

இந்த ராஜினாமாக் கடிதத்தைக் கொஞ்சம் நின்று வாசிக்கச் சொல்கிறேன். சட்டப்படி அதில் குறையில்லை. வேட்பாளர் தகுதியுள்ளவர், வாக்காளர்கள் வாக்களித்திருக்கிறார்கள், ஜெயித்தவர் தன் கையால் விலகியிருக்கிறார். தன்னைத் தேர்ந்தெடுத்த பெரும்பான்மையின் விருப்பத்தை அவர் அப்படியே நிறைவேற்றியும் இருக்கிறார்! பிரதிநிதித்துவம் என்றால் தேர்ந்தெடுத்தவர் சொல்வதைச் செய்வது என்று எடுத்துக்கொண்டால், இதைவிட ஒழுங்கான பிரதிநிதி யார்? பாப்பாபட்டியைக் காட்டுமிராண்டித்தனம், விதிவிலக்கு என்று தலையங்கம் எழுதியவர்கள் கவனிக்காமல் விட்டது இதைத்தான். ஒப்பந்தத்தின் தர்க்கம் அங்கே வேட்டி சட்டையில்லாமல் நின்றது.

மேலவளவில் இன்னொன்று நடந்தது. அங்கே முருகேசன் ராஜினாமா செய்யவில்லை. வேட்புமனுவை வாபஸ் வாங்கவைத்தார்கள், அடுத்த முறை வாக்குச்சாவடிக்குள் புகுந்தார்கள், கடைசியாக 1996 டிசம்பர் இறுதியில் போலீஸ் காவலோடு தேர்தல் நடந்து தலைவரானார். 1997 ஜூன் 30 அன்று மதுரையில் கலெக்டர் ஆபீஸுக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில், பஸ்ஸை மறித்து அவரையும் இன்னும் ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். ஆயுள் தண்டனை பெற்றவர்களில் 13 பேரை 2019 நவம்பரில் தமிழக அரசு முன்கூட்டியே விடுதலை செய்தது. எழுதிக் கொடுத்தால் உயிரோடு இருக்கலாம் என்பதையும், எழுதிக் கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதையும் அக்கம்பக்கம் உள்ள எல்லாத் தனி ஊராட்சிகளும் சேர்த்தே படித்துக்கொண்டன.

இதைச் சாதியின் இயல்பு என்று சொல்லிக் கட்சிகளைத் தப்பவிடக் கூடாது. 1996 முதல் 2001 வரை தி.மு.க. ஆட்சி, 2001 முதல் 2006 வரை அ.தி.மு.க. ஆட்சி. இரண்டாலும் முடியாதது, 2006 மே மாதம் பதவிக்கு வந்த ஆட்சியில் அதே அக்டோபரில் முடிந்தது. நாலு ஊரிலும் தேர்தல் நடந்தது, தலைவர்கள் உட்கார்ந்தார்கள், சென்னையில் விழாவும் எடுத்தார்கள். ஐந்தே மாதத்தில் முடிகிற காரியம் பத்து வருடம் ஏன் நடக்கவில்லை? அந்த ஊர்களில் எல்லாக் கட்சிக் கிளைச் செயலாளர்களும் யாருடைய சொந்தக்காரர்கள் என்று விசாரித்தால் பாதி பதில் கிடைத்துவிடும். மதுரைப் பக்கத்து மூன்று ஊர்களிலும் எதிர்த்து நின்ற பிறமலைக் கள்ளர்கள், குற்றப் பரம்பரைச் சட்டத்தை எதிர்த்து 1920இல் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானவர்களின் வழிவந்தவர்கள். அரசின் ஒடுக்குமுறையை உடம்பில் அறிந்த ஒரு சமூகத்திடம் இதைப் பேசுவதற்கு ஓர் அரசியல் தேவைப்பட்டது. ஓட்டுப் போய்விடும் என்று எந்தப் பெரிய கட்சியும் அதைப் பேசவில்லை.

4

சட்டமன்றத்தில் இந்த அளவு முரட்டுத்தனம் தேவைப்படுவதில்லை. அந்த வேலையைக் கட்சி செய்துவிடுகிறது. தனித்தொகுதிக்கு டிக்கெட் கேட்கிறவர் முதலில் மாவட்டச் செயலாளர் கண்ணில் பட வேண்டும். மாவட்டச் செயலாளர் பெரும்பாலும் அந்த வட்டாரத்தின் ஆதிக்க சாதிக்காரர். 'அமைதியான ஆளு, பிரச்சினை பண்ண மாட்டார்' என்பதுதான் அவர் கொடுக்கிற உயர்ந்தபட்சச் சான்றிதழ். பூனா ஒப்பந்தத்தில் சேரி செய்த முதற்கட்டத் தேர்வை இப்போது மாவட்டச் செயலாளர் செய்கிறார். ஜெயித்து வந்தால் ஆதிதிராவிடர் நலத்துறை. உள்துறையோ நிதியோ பேச்சுக்கே இடமில்லை.

அப்புறம் கொறடா. 1985இல் 52ஆவது திருத்தம் கட்சித்தாவல் தடையைக் கொண்டுவந்தது. கட்சி உத்தரவை மீறி வாக்களித்தால் பதவி போய்விடும். எல்லா உறுப்பினருக்கும் பொதுவான சட்டம்தான். ஆனால் தன் மக்களின் ஓட்டை மட்டும் நம்பி மறுபடி ஜெயிக்க முடியாதவர் மேல் அது இரட்டைச் சுமையாக விழுகிறது. கட்சியை எதிர்த்து வெளியே வந்தால் அவருக்குத் தொகுதி இல்லை. 1938இல் கட்டுப்பாடாக இருந்தது 1985க்குப் பிறகு சட்டமாகிவிட்டது. 1982இல், பூனா ஒப்பந்தத்தின் ஐம்பதாவது வருடத்தில், கன்ஷிராம் 'சம்ச்சா யுகம்' எழுதினார். இப்படி வருகிறவர்களைக் கைத்தடிகள் என்றார். கோபம் நியாயமானது. என்றாலும் அந்த வசவு ஆளின் மேல் விழுகிறது, அமைப்பு தப்பித்துக்கொள்கிறது. நல்ல ஆளை அனுப்பினாலும் இந்த வாசல் அவரைக் குனிந்துதான் வரச் சொல்லும்.

தலித் கட்சி தொடங்கிவிட்டால் தீர்ந்ததா? விடுதலைச் சிறுத்தைகளின் அனுபவம் இங்கே முக்கியம். தேர்தலைப் புறக்கணித்துவந்த இயக்கம் 1999இல் தேர்தலுக்குள் வந்தது. 2001இல் தொல்.திருமாவளவன் உதயசூரியன் சின்னத்தில் மங்களூரில் ஜெயித்தார்; 2004இல் பதவி விலகினார். பெரிய கட்சியின் சின்னத்தில் ஜெயித்தவர் அவைக் கணக்கில் அந்தக் கட்சிக்காரர். அதன் கொறடாவுக்குக் கட்டுப்பட்டவர். 2019 மக்களவைத் தேர்தலில் ஒரே கூட்டணியில் இரண்டு தனித்தொகுதிகள். விழுப்புரத்தில் உதயசூரியன், ஒரு லட்சத்துக்கு மேல் வித்தியாசம். சிதம்பரத்தில் பானை, 3,219 ஓட்டு வித்தியாசம். இரண்டு ஊருக்கும் வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனாலும் சின்னம் ஒரு முகமூடியாக வேலை செய்கிறது என்ற சந்தேகத்தை இந்த எண்கள் கிளப்பத்தான் செய்கின்றன. சூரியனுக்குக் குத்துகிற கை, அதன் பின்னால் நிற்கும் ஆளின் சாதியை மறந்துவிட முடிகிறது. பானைக்குக் குத்த வேண்டும் என்றால் அது ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது.

எண்கள் அதோடு நின்றுவிடவும் இல்லை. 2021 சட்டமன்றத் தேர்தலில் பானைச் சின்னத்தில் நான்கு பேர் ஜெயித்தார்கள். அதில் திருப்போரூரும் நாகப்பட்டினமும் பொதுத் தொகுதிகள். 2024இல் சிதம்பரம், விழுப்புரம் இரண்டிலும் பானைதான் நின்றது, இரண்டிலும் ஜெயித்தது. ஒரு தலித் கட்சி அடைப்புக்குறியை விட்டு வெளியே வந்து ஓட்டுக் கேட்டிருக்கிறது, மற்றவர்களும் போட்டிருக்கிறார்கள். கூட்டணிப் பலம் இல்லாமல் இது நடந்திருக்காது என்பதும் உண்மை. அந்தப் பலத்துக்குக் கொடுக்கும் விலை என்ன, எந்தெந்தக் கொலைகளின்போது குரலைத் தணிக்க வேண்டியிருக்கிறது என்பதை அந்தக் கட்சியின் தோழர்கள் நம்மைவிட நன்றாக அறிவார்கள்.

5

'தனி வாக்காளர் தொகுதி கேட்பது சாதியை நிரந்தரமாக்கும்' என்பார்கள் இடதுசாரி நண்பர்கள். சுடுகாடு தனி, டீக்கடையில் டம்ளர் தனி என்று இருந்தபோதெல்லாம் நிரந்தரமாகாத சாதி, வாக்குப்பெட்டி தனியாக இருந்தால் மட்டும் நிரந்தரமாகிவிடுமா? 'எங்கள் கட்சியில் எல்லோரும் தமிழர், திராவிடர்' என்பார்கள் மற்றவர்கள். நல்லது. 2008 மறுவரையறைக்குப் பின் 234 தொகுதிகளில் 44 தலித்துகளுக்கு, 2 பழங்குடியினருக்கு. மிச்சம் 188 பொதுத் தொகுதிகளில் எத்தனை தலித்துகளை நிறுத்தினீர்கள் என்று ஒரு பட்டியல் கொடுங்கள். பேச்சு அப்புறம்.

1932க்குத் திரும்பிப் போகலாம் என்று நான் சொல்லவரவில்லை. ஒரு ஓட்டு கூடுதலாக வாங்கியவன் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும் இந்தத் தேர்தல் முறையே சிதறிக் கிடக்கும் சிறுபான்மைகளுக்கு எதிரானது. விகிதாச்சாரப் பிரதிநிதித்துவத்தைப் பேச வேண்டும். அதுவரைக்கும் குறைந்தபட்சமாக நாகப்பாவின் திருத்தத்தை மறுபடி எடுக்க வேண்டும். தனித்தொகுதியில் ஜெயிக்கிறவர் தலித் ஓட்டில் ஒரு பங்காவது பெற்றாக வேண்டும் என்பதைக் கோரிக்கையாக்க வேண்டும். ஓட்டு ரகசியத்தைக் காப்பாற்றிக்கொண்டே அதை எண்ணுவது எப்படி என்பது நடைமுறைச் சிக்கல்தான், தீர்க்க முடியாதது இல்லை. கொறடாவின் பிடியை, ஆட்சியின் பிழைப்பு சம்பந்தப்பட்ட வாக்கெடுப்புகளோடு நிறுத்தச் சொல்லியும் கேட்க வேண்டும்.

2030 வரப்போகிறது. மறுபடி ஒரு திருத்தம் வரும், மறுபடி எல்லோரும் கை தூக்குவார்கள். அந்தச் சமயத்திலாவது எத்தனை இடம் என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல் யாருடைய ஓட்டு என்று கேட்க நம்மிடம் ஓர் இயக்கம் இருக்க வேண்டும். அதைக் கட்டுவதற்கு இன்றைக்குக் கையில் இருக்கும் வருடங்கள் மிகக் குறைவு.