அரைச் சுற்றுக் கணக்கு

1955-இல் வந்த செவர்லே ஸ்மால் பிளாக் வி8 எஞ்சினைப் பற்றிப் பேச்சு எழுந்தால் ஆட்கள் கார்புரேட்டர், கேம் ஷாஃப்ட் என்று கிளம்பிவிடுவார்கள். எனக்குப் பிடித்த இடம் வேறு. டைமிங் கவரையும் செயினையும் கழற்றினால், கேம் கியர் மறைத்துக்கொண்டிருந்த இடத்தில் மூன்று ஓட்டைகள் தெரியும். ரேஸ் எஞ்சினைக் கட்டியவர் எப்படிப்பட்ட கைக்காரர் என்று அங்கே பார்த்தே சொல்லிவிடலாம்.

மூன்றும் ஆயில் கேலரிகளின் வாய். பேரிங்குக்கும் லிஃப்டருக்கும் ஆயில் போவதற்காக பிளாக்கின் நீளத்துக்கும் நேராகத் துளைத்த வழிகள் அவை. துளைத்த வாயை அடைத்தாக வேண்டும். கம்பெனியில் பின்பக்கம் மரை பிளக் போட்டார்கள். முன்பக்கம் சின்னக் கிண்ணம் போன்ற மூடியைத் தட்டி உட்காரவைத்ததோடு சரி. ரோட்டில் ஓடும் காருக்கு அது தாராளம். ரேஸில் ஒரு மூடி பிடுங்கிக்கொண்டால் ஆயில் பிரஷர் சரிந்து பேரிங் போய்விடும். அதனால் அமெரிக்க எஞ்சின் பில்டர்கள் அந்த மூடிகளை எடுத்துவிட்டு, கால் இன்ச் என்.பி.டி. (அமெரிக்க பைப் மரை) டேப் அடித்து மரை வெட்டி, ஆலன் கீயால் இறுக்கும் பிளக் வைக்கிறார்கள். (கால் இன்ச் என்பது பைப் கணக்கு. பிளக்கை அளந்தால் அரை இன்ச்சைத் தாண்டும்!)

போல்ட்டுக்கு டேப் அடிப்பதைப் போன்றதல்ல இது. அங்கே டேப் எவ்வளவு ஆழம் போனாலும் மரையின் அளவு மாறாது. என்.பி.டி. கூம்பு மரை: 16-க்கு 1 சரிவு, இன்ச்சுக்கு 18 மரை. டேப் ஒரு சுற்று இறங்கினால் ஓட்டையின் விட்டம் ஏறத்தாழ 0.09 மி.மீ. பெருகும். கொஞ்சம் கூடிப்போனால் பிளக் உள்ளே போய், முன் பேரிங்குக்கு ஆயில் பிரியும் வழியையே அடைத்துவிடும். குறைந்தால் அதன் தலை வெளியே நீட்டிக்கொண்டு கேம் கியரில் உரசும்.

நல்ல கைக்காரர் டேப்பின் பள்ளங்களில் முதலில் கிரீஸை அப்பிக்கொள்வார். பிளாக்கின் வார்ப்பிரும்பு சுருளாக வராது, கருஞ்சாம்பல் பொடியாக உதிரும்; கேலரிக்குள் விழாமல் அதைப் பிடித்துவைக்கத்தான் கிரீஸ். இரண்டு மரை ஏறியதும் மூலைமட்டம் வைத்து டேப் நேராக நிற்கிறதா என்று பார்ப்பார். பிறகு அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. கூம்பு டேப் இறங்க இறங்க இன்னும் நீளமாக வெட்டுவதால் கைப்பிடி கனத்துக்கொண்டே வரும். ஓரளவு வந்ததும் டேப்பைக் கழற்றி, ஓட்டையைத் துடைத்து, பிளக்கைக் கையால் திருகிப் பார்ப்பார். எத்தனை மரை வெளியே நிற்கிறது? மறுபடி டேப், இன்னும் ஓர் அரைச் சுற்று, மறுபடி பிளக். அவசரக்காரருக்கு எரிச்சல் வரும். எனக்கோ இந்த வேலையின் ருசியே இந்தப் போக்குவரத்தில்தான்.

இறுக்குவதிலும் நிதானம் வேண்டும். கூம்பு மரை ஓட்டையை விரிக்கப் பார்க்கும். வார்ப்பிரும்பு அமுக்கினால் தாங்கும், விரித்தால் தாங்காது. முரட்டுக் கை பட்டால் விரிசல்தான். டெஃப்லான் டேப் சுற்றுவதும் எனக்கு ஒப்பாத வேலை. அதன் நார் பிய்ந்து ஆயிலோடு கலந்தால் போகிற இடம் பேரிங். அங்கே இடைவெளியே சுமார் 0.05 மி.மீ. மரையில் மெல்லிசாகத் தடவிய சீலன்ட் போதும். நம் ஊர் ஹார்டுவேர் கடை பி.எஸ்.பி. டேப்பை இதற்கு நினைக்கவே கூடாது. அதே கால் இன்ச்தான், ஆனால் இன்ச்சுக்கு 19 மரை, கோணமும் 60-க்குப் பதில் 55 டிகிரி. என்.பி.டி. பிளக் அதில் ஒன்றிரண்டு சுற்று சமர்த்தாக ஏறிவிட்டு அப்புறம் மக்கர் பண்ணும்.

மரை முடிந்ததும் கேலரிக்குள் நீள பிரஷ் விட்டு, சோப்புத் தண்ணீரில் கழுவி, காற்றடிப்பார்கள். பிளக்கைப் போடுவதற்கு முன் சில பில்டர்கள் ஒரு குறும்பு செய்வதுண்டு. இத்தனை பாடுபட்டு அடைக்கப்போகும் பிளக்குகளில் ஒன்றின் நடுவே 0.030 இன்ச் ஓட்டை போடுவார்கள். முக்கால் மில்லிமீட்டர்தான். அதன் வழியே டைமிங் செயின் மேல் ஓயாமல் ஆயில் பீய்ச்சும். பிரஷர் மீட்டரில் முள் இறங்கியதே தெரியாது.