ரிங் ஆட்டம் பார்க்கப் போகலாமுங்களா?

குறுமைய விளையாட்டுப் போட்டி நடக்கும் நாளில் அவிநாசியிலோ பொள்ளாச்சியிலோ ஒரு பள்ளி மைதானத்துக்குப் போய்ப் பாருங்கள். கபடிக்கும் வாலிபாலுக்கும் கூட்டம் நெரியும். ஓரத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, வலை கட்டி, டென்னிகாய்ட் நடந்துகொண்டிருக்கும்; ரப்பர் ரிங்கை வலைக்கு மேல் வீசிப் பிடிக்கிற ரிங் ஆட்டம்தான் அது. ஆடுவது நான்கு பெண் பிள்ளைகள். வேடிக்கை பார்க்க ஆள் இருக்காது. நிற்பவர்களும் அடுத்த ஆட்டத்துக்குக் காத்திருப்பவர்கள்தான். அவர்களோடு போய் நில்லுங்கள்.

இந்த ரப்பர் ரிங்கின் பூர்வீகம் இங்கிலாந்தின் பப் வாசல். அங்கே அதற்குக் காய்ட்ஸ் என்று பெயர். களிமண்ணில் ஓர் இரும்பு முளையை அடித்துவைத்து, 11 கெஜ தூரத்திலிருந்து இரும்பு வளையத்தை எறிவார்கள். வளையம் ஒவ்வொன்றும் இரண்டரைக் கிலோவுக்குக் கொஞ்சம்தான் குறைவு. முளையில் மாட்டினால் 2 புள்ளி. முளைக்கு முன்னால் வளையத்தைச் சாய்வாகக் குத்தி நிற்கவைத்து எதிராளியின் வழியை மறிக்கிற குசும்பும் உண்டு. உழைக்கிற ஜனம் இதில் பொழுதைக் கழிக்காமல் வில் பழகட்டும் என்று 1388இல் இரண்டாம் ரிச்சர்ட் மன்னர் சட்டமே போட்டார். யார் கேட்டார்கள்? 1881இல் வட இங்கிலாந்துச் சங்கங்கள் உட்கார்ந்து விதிமுறை எழுதுகிற அளவுக்கு ஆட்டம் வளர்ந்திருந்தது. வடக்கு யார்க்‌ஷயர் கிராமங்களில் இன்றும் ஆடுகிறார்கள்.

இந்த ஆட்டம் கப்பலிலும் ஏறியது. ஆனால் கப்பல் தளத்தில் இரும்பை எறிந்தால் பலகை என்னாவது? அதனால் பயணிகள் கயிற்று வளையத்துக்கு மாறினார்கள். பிறகு நடுவே வலை கட்டி, ஆளுக்கு ஆள் வீசிப் பிடிக்க ஆரம்பித்தார்கள். கப்பலில் இதைப் பார்த்த ஹெர்மன் ஷ்னைடர் என்பவர் 1920களில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் தரைக்குக் கொண்டுவந்தார். 2006இல் முதல் உலகப் போட்டி நடந்ததோ நம் சென்னையில்.

பப் ஆட்டத்தில் வளையம் சரியான இடத்தில் விழ வேண்டும். நம் ஆட்டத்தில் அது நம் பக்கம் விழவே கூடாது. ஆகவே எறிகிறவரை விட்டுவிட்டுப் பிடிக்கிறவரைப் பாருங்கள். பாதி ரசனை அதிலேயே வந்துவிடும்.

பழகாத பிள்ளை ரிங்கை வெடுக்கென்று பறிக்கும். தேர்ந்த பிள்ளை கட்டை விரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவே அதை வரவிடும்; ரிங் வந்த வேகத்திலேயே மணிக்கட்டு பின்னால் போகும். அந்தப் பின்வாங்கலே அடுத்த வீச்சின் தொடக்கம். பிடித்தது எங்கே முடிந்தது, விட்டது எங்கே தொடங்கியது என்று பிரிக்க முடியாது. இது ஒன்றுக்காகவே வெயிலில் நிற்கலாம்.

இரண்டு கையாலும் பிடிக்கக் கூடாது. எந்தக் கையால் பிடித்தோமோ அந்தக் கையாலேயே, தாமதிக்காமல் திருப்பி வீச வேண்டும். "அம்மணி, புடிச்ச கையிலயே உடு!" என்று பி.இ.டி. மிஸ் கத்துவது இதற்காகத்தான். வலக்கைப் பழக்கமுள்ளவருக்கு இடக்கை எவ்வளவு தேறியிருக்கிறது என்பதை எதிரணி முதல் ஐந்து புள்ளிக்குள் கண்டுபிடித்துவிடும். பிறகு பாருங்கள், ரிங் அங்கேயே வந்துகொண்டிருக்கும். அவர் இடப்பக்கமே சாய்ந்து நின்று பழகியதும், வலப்பக்கம் ஒன்று குட்டையாக விழும்.

அந்தக் குட்டை வீச்சுக்கும் எல்லை இருக்கிறது. வலையின் இரு புறமும் மூன்றடி அகலத்துக்கு ஒரு பகுதியை ஒதுக்கியிருப்பார்கள். அதற்குள் விழுந்தால் வீசியவருக்குத்தான் நஷ்டம். கோட்டைத் தாண்டி ஒரு சாண் தள்ளி விழவைப்பது பெரிய வித்தை. ஸ்மாஷ் மாதிரி மேலிருந்து கீழே அடித்து ஜெயிக்கவும் வழியில்லை. ஒரு பக்கம் கை ஓங்கி மறுபக்கம் வீசுகிற பொய்ச் சைகையும் தவறு. ஏமாற்றுவதை நேர்மையான வீச்சுக்குள்ளேயே, கடைசி நொடியில் மணிக்கட்டு திரும்புவதில் ஒளித்துவைக்க வேண்டும். எனக்கு இந்த ஆட்டத்தில் மிகவும் பிடித்த விதி இதுதான்.

வலைக்குப் பக்கவாட்டில் நிற்காதீர்கள், ரிங் போவதும் வருவதும் மட்டும்தான் தெரியும். பின்கோட்டுக்குப் பின்னால் நின்றால் காலி இடம் எங்கே திறக்கிறது என்பது ஆடுகிறவர் கண்ணுக்குத் தெரிவதுபோலவே தெரியும். இரட்டையர் ஆட்டமென்றால் இருவருக்கும் நடுவே வரும் ரிங்கை யார் எடுக்கிறார்கள் என்று கவனியுங்கள். பேசிக்கொள்ளாமலே ஒருவர் விலகினால் அது நாள்பட்ட ஜோடி.

பையன்களுக்கும் போட்டி உண்டு. இருந்தும் நம் பக்கம் இதைப் 'பொம்பளப் புள்ளைங்க ஆட்டம்' என்று சொல்லி ஒதுக்கிவிடுகிறார்கள். அப்படிச் சொல்கிறவரை ஒரு செட் இடக்கையால் ஆடச் சொல்ல வேண்டும்.

நீங்களும் ஆடிப் பார்ப்பதென்றால் ஸ்போர்ட்ஸ் கடையில் ரிங்கை அமுக்கிப் பார்த்து வாங்குங்கள். கல் மாதிரி இருந்தால் வேண்டாம், கட்டை விரல் வீங்கிவிடும்.