மைசூரில் ரமழான் நோன்பு: மத்ஹபும் மருத்துவமும் கஞ்சியும்

மைசூரில் ரமழான் நோன்பு இரு மத்ஹபுகளின்படி நோற்கப்படுகிறது. மண்டி மொஹல்லா, லஷ்கர் மொஹல்லா, உதயகிரி பகுதிகளில் தக்னி உருது பேசும் பெரும்பான்மையோர் ஹனஃபிகள். தமிழகத்திலிருந்து வந்து குடியேறியவர்களில் ராவுத்தர் குடும்பங்களும் அவ்வழியினரே. காயல்பட்டினம், கீழக்கரை வழிவந்த மரைக்காயர்களும், வயநாடு, கண்ணூர்ப் பக்கத்து மாப்பிள்ளைமாரும் ஷாஃபிகள். ஒரே பள்ளியில் ஒரே பாங்குக்கு நோன்பு திறப்பவர்களே ஆனாலும், நோன்பைப் பேணும் விதத்தில் இவர்களிடையே சில வேறுபாடுகள் உண்டு.

நிய்யத்தில் அவை தொடங்குகின்றன. ஷாஃபி மத்ஹபில் ஒவ்வோர் இரவும் சுபுஹுக்கு முன் நிய்யத் வைத்தாக வேண்டும். ஹனஃபியில் நண்பகலுக்குச் சற்று முன்வரை வைக்கலாம். நிய்யத்தின்றி உறங்கி சஹரைத் தவறவிட்ட ஷாஃபிக்கு அன்றைய நோன்பு கூடாது; பக்கத்து வீட்டு ஹனஃபிக்குக் கூடிவிடும். பகல் சாய்ந்தபின் மிஸ்வாக் செய்வது ஷாஃபியில் மக்ரூஹ், ஹனஃபியில் தடையில்லை. வேண்டுமென்றே உண்டு நோன்பை முறித்தவருக்கு ஹனஃபியில் களாவோடு கஃப்பாராவும் விதியாகும். ஷாஃபியில் பாவம் உண்டு, களா உண்டு, கஃப்பாரா இல்லை. பிள்ளைக்காக அஞ்சி நோன்பை விட்ட கர்ப்பிணியும் பாலூட்டும் தாயும் ஹனஃபியில் களா மட்டும் செய்வார்கள். ஷாஃபியில் பித்யாவும் கொடுப்பார்கள்.

தமிழ் முஸ்லிம்களிடையே இந்த இரு வழிகளையும் அருகருகே வைத்து ஓதிக்கொடுத்த பெருமை வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்துக்கு உரியது. அஃலா ஹஜ்ரத் ஷா அப்துல் வஹ்ஹாப் நிறுவிய அந்த மதரஸாவில் தமிழகத்து ஹனஃபி மாணவரும் மலபாரின் ஷாஃபி மாணவரும் ஒன்றாக இருந்தே பாகவிகள் ஆனார்கள். லால்பேட்டை மன்பஉல் அன்வார் போன்ற மதரஸாக்களின் சிறப்பும் குறைந்ததன்று. ஆயினும் இங்குள்ள மூத்தவர்கள் ஓதியது பாகவி உஸ்தாதுகளிடம். இக்கட்டுரை சார்ந்து நிற்பதும் அவ்வழியையே. அந்த உஸ்தாதுகளிடம் நோன்புப் பாடத்தில் ஓர் உறுதி இருந்தது. கடமையைச் சொன்ன அதே குரலில் சலுகையையும் சொல்வார்கள். அல்பகரா அத்தியாயத்தின் 184, 185ஆம் வசனங்களை விளக்கும்போது, நோயாளி நோன்பை விடுவது மார்க்கத்துக்குள் நின்று செய்யும் செயல்தான் என்பதை மாணவர் மனத்தில் பதியவைக்காமல் அடுத்த பாடத்துக்குப் போகமாட்டார்கள். எது தாங்கும், எது தாங்காது என்பதற்கு நம்பிக்கையான மருத்துவரின் சொல்லை ஆதாரமாகக் கொள்வது ஃபிக்ஹு நூல்களின் விதியே என்பதையும் அவர்கள் மறைத்ததில்லை.

மைசூரின் பகல் நோன்புக்கு இசைவானது. சுபுஹு முதல் மஃரிப் வரையுள்ள நேரம் டிசம்பரில் ஏறத்தாழ பன்னிரண்டே முக்கால் மணி. ஜூனில் பதினாலே கால் மணியைத் தொடும். லண்டன் முஸ்லிம்கள் ஜூனில் பதினெட்டு மணிநேரத்துக்கு மேல் நோற்க வேண்டியிருக்கிறது. சந்திர ஆண்டு சுமார் 11 நாள் முந்திவருவதால், மார்ச்சின் வெயிலில் இருந்த ரமழான் இப்போது பிப்ரவரிக்குள் நகர்ந்து குளிரை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது.

சஹரில் உண்டது செரிக்கும்வரை உடல் அதைக் கொண்டே இயங்கும். ஏறத்தாழ எட்டு மணிநேரத்துக்குப் பின் கல்லீரலில் சேமித்த சர்க்கரையை எடுக்கும். அது குறையக் குறையக் கொழுப்பை நாடும். சஹரை இயன்றவரை பிற்படுத்துவதும், திறப்பதை முற்படுத்துவதும் சுன்னத்தாக இருப்பதன் நன்மை உடலுக்கும் கிடைக்கிறது. சஹரில் ராகிக் களி, தயிர், முட்டை, பருப்பு போன்று மெதுவாகச் செரிப்பவை நல்லவை. ஊறுகாயும் அப்பளமும் பகலில் தாகத்தைக் கூட்டும். மஃரிப் முதல் சுபுஹு வரை இரண்டு, இரண்டரை லிட்டர் தண்ணீரைச் சிறுகச் சிறுகக் குடிக்க வேண்டும். சஹர் முடியும் வேளையில் ஒரு சொம்பை ஒரே மூச்சில் குடித்தால் பெரும்பகுதி சிறுநீராகவே போய்விடும். மைசூர் காப்பி ஊர். முதல் நாள்களின் தலைவலி பெரும்பாலும் காப்பியை ஒரேயடியாக நிறுத்தியதால் வருவது. ஷஃபான் மாதத்திலேயே ஒவ்வொரு டம்ளராகக் குறைத்துக்கொள்பவருக்கு அது வருவதில்லை.

நீரிழிவுக்காரர்களுக்கு இவ்வளவு போதாது. பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு 2021இல் புதுப்பித்த ரமழான் வழிகாட்டி, நோயாளியின் ஆபத்தை மதிப்பெண்ணிட்டுப் பிரிக்கிறது: 3 வரை குறைவு, 6 வரை நடுத்தரம், அதற்கு மேல் அதிகம். அதிக ஆபத்துள்ளவர் நோற்கக் கூடாது என்பதே அதன் அறிவுரை. ரமழானுக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே மருத்துவரைப் பார்த்து, மாத்திரை வேளைகளையும் இன்சுலின் அளவையும் மாற்றிக்கொள்ள வேண்டும். இரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினாலும் 300ஐத் தாண்டினாலும் அப்போதே நோன்பைத் திறந்துவிட வேண்டும். விரல் நுனியில் குத்திச் சோதிப்பதாலோ, தோலுக்கடியில் இன்சுலின் ஏற்றுவதாலோ நோன்பு முறியாது என்று உலமாக்கள் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். இன்ஹேலர் முறிக்கும் என்பது ஹனஃபி முஃப்திகள் பலரின் முடிவு. ஆஸ்துமாக்காரர்கள் தத்தம் மத்ஹபின் ஆலிமிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

நோன்பு திறப்பதில் தமிழ் முஸ்லிம்களின் தனிச்சொத்து நோன்புக் கஞ்சி. பச்சரிசி நொய், பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, இஞ்சி, தேங்காய்ப்பால், புதினா, மல்லி, கைப்பிடி கொத்துக்கறி என்று எதுவும் வீணுக்குச் சேர்ந்ததல்ல. பகலெல்லாம் காய்ந்த உடலுக்குத் தண்ணீரும் உப்பும் மாவுச்சத்தும் புரதமும் ஒரே கோப்பையில், வயிற்றை அதிரவைக்காமல் இறங்குகின்றன. தானியத்தோடு பருப்பைச் சேர்த்தால் புரதம் நிறைவாகும் என்பது ஊட்டச்சத்து நூல்களின் பாலபாடம். 1950இல் இந்நகரில் தொடங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் நிலக்கடலை மாவையும் கடலை மாவையும் சேர்த்துச் சத்துணவு உருவாக்கியதும் புரதக் குறையைப் போக்கத்தான். தமிழகத்தில் கஞ்சிக்காக 2001 முதல் அரசே பள்ளிவாசல்களுக்கு அரிசி கொடுக்கிறது. மைசூரில் கஞ்சி வேண்டுமென்றால் மஹல்லாக்காரர்களே பொறுப்பேற்க வேண்டும்.

அந்தப் பொறுப்புதான் இன்று தளர்ந்திருக்கிறது. எவரையும் குறித்துச் சொல்வதற்கில்லை. கஞ்சி ஏற்பாடு செய்வோரின் நல்லெண்ணத்திலும் ஐயமில்லை. ஆனால் வெந்தயத்தை ஊறவைக்க நேரமில்லை என்று விட்டுவிடுவதும், தேங்காய்ப்பாலுக்குப் பதில் பொடியைக் கரைப்பதும், லுஹருக்குப் பின் மெல்ல வேக வேண்டியதை அஸருக்குப் பின் அவசரமாகக் கொதிக்கவிட்டு இறக்குவதும் வழக்கமாகிவிட்டன. நீர்த்த கஞ்சியால் வயிறு நிறையாது. நிறையாத வயிறு சமோசாவுக்கும் கபாபுக்கும் போகிறது. தராவீஹுக்கு நிற்க வேண்டிய கால்கள் கடைத்தெருவில் நிற்கின்றன. நள்ளிரவு தாண்டி உண்டவருக்கு சஹரில் பசியில்லை. சஹரை விட்டவர் பகலெல்லாம் படுத்துக் கிடக்கிறார். லுஹர் ஜமாஅத் தவறுகிறது. மாதக் கடைசியில் எடை கூடிப்போய் மருத்துவர் முன் உட்காருகிறார். குர்ஆன் ஓதுவது குறைவதும், பிள்ளைகள் நோன்பைத் தின்பண்ட மாதமாக எண்ணி வளர்வதும், மத்ஹபு வேறுபாடு கேட்டால் இளைஞர்கள் விழிப்பதும், வெந்தயம் மறந்த அந்தப் பானையிலிருந்தே தொடங்குகின்றன என்றால் மிகையில்லை. மூத்த உஸ்தாதுகள் கஞ்சிப் பானையைத் தாமே வந்து பார்த்ததற்குக் காரணம் இருந்தது. இன்று பானையைப் பார்க்கும் ஆலிமும் அரிது, அவர் வந்து பார்க்க விடும் நிர்வாகமும் அரிது.

நாள்பட்ட நோயாலோ முதுமையாலோ இனி நோற்கவே இயலாதவர் நாளுக்கொரு பித்யா கொடுக்க வேண்டும். ஹனஃபியில் அது ஏறத்தாழ 1.6 கிலோ கோதுமை, அல்லது அதன் விலை. ஷாஃபியில் ஊரின் உணவுத் தானியத்தில் ஒரு முத்து என்னும் அளவு, பணமாகக் கொடுத்தால் போதாது. தற்காலிக நோயாலோ மாதவிலக்காலோ விட்டவர் களாச் செய்ய வேண்டும். ஷவ்வால் ஆறு நோன்புக்கு முன் களாவை முடிப்பது மேலானது. தக்க காரணமின்றி அடுத்த ரமழான் வரை தள்ளிப்போட்டால், ஷாஃபியில் களாவோடு நாளுக்கு ஒரு முத்து தானியமும் சேரும். ஹனஃபியில் களா மட்டுமே.