நான்கு அடையாளம், ஒரே சந்தேகம்

2021 ஜனவரி 22 அன்று ஓசூர் பாகலூர் சாலையில் இருந்த முத்தூட் ஃபைனான்ஸ் கிளையில் பட்டப்பகலில் துப்பாக்கியைக் காட்டி 25 கிலோ நகையை அள்ளிக்கொண்டு போனது ஒரு கும்பல். மறுநாளே ஹைதராபாத் பக்கம் பிடிபட்டது. அதில் இருந்தவர்கள் மத்தியப் பிரதேசம், ஜார்க்கண்ட் ஆட்கள். வடக்கேயிருந்து வருகிறவர்களை எல்லாம் நிறுத்தி விசாரிக்க வேண்டும் என்று பேசுகிறவர்களுக்கு இதைவிட நல்ல சாட்சி இந்த வட்டாரத்தில் கிடைக்காது. ஆனால் கும்பலைக் காட்டிக்கொடுத்தது நகையோடு போன ஜிபிஎஸ் கருவி. ஓசூரை அடுத்த பேரிகைப் பக்கத்துப் பசுமைக்குடிலில் ரோஜா பறிக்கும் ஒடிசாக்காரரிடம் ஆதார் கேட்டிருந்தால் ஒரு கிராம் நகைகூடத் திரும்பியிருக்காது.

திருட்டை விட்டுவிட்டுக் குடியேற்றச் சட்டத்துக்கு வந்தால் கேள்வி இன்னும் கடினமாகிறது. அங்கே தேடப்படும் குற்றமே ‘வேறு நாட்டவர்’ என்பதுதான். மொழியையும் முகத்தையும் பார்க்காமல் எப்படித் தேடுவது என்கிறது காவல் துறை. இதை எளிதில் தள்ளிவிட முடியாது. 2025 ஜனவரியில் பல்லடத்தில் போலி ஆதாரோடு தங்கியிருந்த வங்கதேசத்தவர்கள் கைதானது உண்மை. எல்லாரையும் சோதிக்க ஆள் இல்லை என்பதும் உண்மை. எங்காவது தொடங்கத்தானே வேண்டும்?

இந்த வாதத்தின் கூர்மையான வடிவம் அமெரிக்காவிலிருந்து வந்தது. லாஸ் ஏஞ்சலிஸில் குடியேற்ற அதிகாரிகள் ஒருவரின் இனத்தோற்றம், ஸ்பானிய மொழி அல்லது உச்சரிப்பு, நிற்கும் இடம், செய்யும் வேலை ஆகிய நான்கை மட்டும் வைத்து ஆட்களை நிறுத்தக் கூடாது என்று கீழ்நீதிமன்றம் தடுத்தது. 2025 செப்டம்பர் 8இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நிறுத்திவைத்தது. நீதிபதி கெவனா எழுதியது: இனத்தோற்றம் தனியாகப் போதாது, மற்றவற்றோடு சேர்ந்தால் அதையும் கணக்கில் எடுக்கலாம்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. இந்த நான்கையும் ஓசூருக்குக் கொண்டுவந்து பாருங்கள். வங்காளம் பேசுவார், அந்தச் சாயலில் இருப்பார், சிப்காட் வாசலில் ஆள் எடுக்கும் இடத்தில் காலையில் நிற்பார், சித்தாள் வேலை பார்ப்பார். மேற்கு வங்கத்து மால்டாவிலிருந்து பிழைக்க வந்த இந்தியக் குடிமகன் எவருக்கும் நான்கும் பொருந்தும். ‘வெளியூர்க் கூலி’ என்ற ஒரே செய்திதான் நான்கு வழியாக வருகிறது. ஒரே ஆள் நான்கு பெயரில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட பத்திரம் இது.

எண்ணிக்கையும் கைகொடுப்பதில்லை. 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வங்காளத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் 9.7 கோடிப் பேர். சட்டவிரோதமாக வந்தவர்கள் சுமார் 2 கோடி என்று 2016இல் ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. யாரும் எண்ணிப் பார்க்காத இந்த எண்ணை அப்படியே ஏற்றாலும், மொழியை வைத்துப் பிடிக்கும் ஐந்து பேரில் நால்வர் குடிமக்கள். மொழி எல்லைக்கோட்டோடு நிற்பதில்லை என்பதைப் பேரிகைக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். தெலுங்கும் கன்னடமும் தமிழும் கலந்து புழங்கும் ஊரில் பேச்சைக் கேட்டு மாநிலம் சொல்ல முடியுமா?

பிழையாகப் பிடித்தால் விசாரித்துவிட்டு அனுப்பிவிடுவார்கள், என்ன நஷ்டம் என்று கேட்பவர்கள் பெங்களூரின் பெல்லந்தூரைப் பார்க்க வேண்டும். மாநில எல்லையில் உள்ள அத்திப்பள்ளியைத் தாண்டினால் அதிக தூரமில்லை. 2020 ஜனவரியில் வங்கதேசத்தவர் குடியிருப்பு என்று சொல்லி அங்கே குடிசைகளை இடித்தார்கள். இருந்தவர்களில் அசாம், திரிபுராக்காரர்களோடு வட கர்நாடகத்துக் கன்னடர்களும் உண்டு! சரிபார்க்காமல் செய்த அந்த நடவடிக்கை சட்டவிரோதம் என்று கர்நாடக உயர் நீதிமன்றம் கண்டு, மறுவாழ்வுக்கு வழிசெய்யச் சொன்னது. அதற்குள் குடிசைகள் மண்ணாகிவிட்டன.

2025இல் இத்தகைய நடவடிக்கை பெரிதாகியது. சந்தேகத்துக்குரியவர்களை 30 நாளில் சரிபார்க்கும்படி மே மாதம் உள்துறை அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. டெல்லியில் ஜூனில் பிடிபட்ட, மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்துக் கர்ப்பிணி ஒருவர் அந்த 30 நாள்கூட முடியாமல் குடும்பத்தோடு எல்லைக்கு அப்பால் தள்ளப்பட்டார். செப்டம்பரில் கல்கத்தா உயர் நீதிமன்றம் திரும்ப அழைத்துவரச் சொல்லியும் அவர் ஊர் வந்துசேர டிசம்பர் ஆனது.

தவறு திருந்த இத்தனை காலம் ஆவதற்குச் சட்டமும் ஒரு காரணம். தான் வெளிநாட்டவர் அல்ல என்று மெய்ப்பிக்கும் பொறுப்பை 1946 வெளிநாட்டவர் சட்டம் பிடிபட்டவர் மேல் வைத்தது. 2025இல் வந்த புதிய சட்டமும் அதை மாற்றவில்லை. ஆதார், பான், வாக்காளர் அட்டை இருப்பதாலேயே ஒருவர் குடிமகனாகிவிட மாட்டார் என்று மும்பை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. கூலித் தொழிலாளியின் பையில் வேறு என்ன இருக்கும்? ஆகவே முதல் சந்தேகம் எதிலிருந்து எழுந்தது என்பதே தீர்ப்பளவுக்குக் கனம் பெறுகிறது. 2024 ஜூலையில் ஓர் அசாம் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது: யாரையாவது மனம்போனபடி பிடித்து ‘நிரூபி’ என்று கேட்க முடியாது, அதற்குமுன் அரசின் கையில் ஆதாரம் இருக்க வேண்டும். அந்தத் தீர்ப்பில் இந்தியர் என்று அறிவிக்கப்பட்ட மனிதர் அப்போது உயிரோடு இல்லை.

நம்மை நோக்கியும் இந்த விரல் நீண்டிருக்கிறது. 2024 மார்ச்சில் பெங்களூரு ராமேஸ்வரம் கஃபே குண்டுவெடிப்பைத் தமிழ்நாட்டோடு முடிச்சுப்போட்ட ஒன்றிய இணையமைச்சர் ஷோபா கரந்தலாஜே, எதிர்ப்பு வந்ததும் கிருஷ்ணகிரிக் காட்டில் பயிற்சி பெற்றவர்களைச் சொன்னதாகச் சுருக்கிக்கொண்டார். என்ஐஏ பிடித்த முக்கியக் குற்றவாளிகள் எனப்பட்ட இருவரும் கர்நாடகத்துச் சிவமொக்காக்காரர்கள். அமைச்சர் பின்னர் மன்னிப்புக் கேட்டார். அதே வழக்கில் சந்தேக நபர் விட்டுப்போன தொப்பி சென்னையில் வாங்கியது என்று துப்புக் கிடைத்துப் புலனாய்வாளர்கள் சென்னைக்கு வந்தார்கள். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை.

ஆகவே என் முடிவு இது. நடந்த ஒரு குற்றத்தில், பார்த்தவர் சொன்ன அங்க அடையாளத்தில் மொழியும் சேர்ந்திருந்தால் காவலர் அதை வைத்துத் தேடலாம். குற்றமே தெரியாதபோது, குடியேற்றச் சோதனைக்கென்று, பேச்சையும் சாயலையும் தனியாகவும் எடுக்கக் கூடாது, இடத்தோடும் வேலையோடும் சேர்த்தும் எடுக்கக் கூடாது. சிலர் தப்புவார்கள், அந்த விலையை ஏற்கிறேன். போலி அட்டை அடித்துத் தரும் ஏஜென்டுகளை நோக்கியும், வெளிமாநிலத் தொழிலாளர் விவரத்தைப் பதிவேட்டில் எழுதி வைக்கவேண்டிய ஒப்பந்ததாரர்களை நோக்கியும் போனால் பிடிபடுவோர் குறைவாக இருக்கலாம், பிடிபட்டவர் சரியான ஆளாக இருப்பார். நாளை பேரிகை காவல் நிலையத்தில் ஒரு பெயர்ப் பட்டியல் தயாரானால், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே சந்தேகத்துக்கான காரணம் எழுதப்பட வேண்டும். ‘வங்காளம் பேசுகிறார், கூலி வேலை’ என்பதற்கு மேல் அங்கே எதுவும் இல்லையென்றால், ஆய்வாளர் அந்தப் பெயரை அடித்துவிட வேண்டும்.